மழையில் சறுக்கிய பந்தயங்கள்

சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலை வழியே இன்று பேருந்தில் செல்வோர், அச்சாலை ஒரு காலத்தில் பந்தயப் பாதையாக விளங்கியது என்பதை எளிதில் உணரார். 1961ஆம் ஆண்டு தொடங்கி 1973ஆம் ஆண்டு வரை அச்சாலையையும் அதனோடு இணைந்த பழைய அப்பர் தாம்சன் சாலையையும் அடைத்துவிட்டு, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே போட்டியிட்டு ஓடின. ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. சாலையோரத்தில் விளக்குக் கம்பங்களும் பேருந்து நிறுத்தங்களும் மழைநீர்க் கால்வாய்களும் அப்படியே இருந்தன. ஓட்டுநர் தவறி வீழ்ந்தால் அவரைத் தாங்கிக்கொள்ளப் புல்வெளியோ மணற்பரப்போ இல்லை. அப்பாதையில் பந்தயம் நடைபெற்ற காலத்தில் எழுவர் உயிரிழந்தனர். 1964ஆம் ஆண்டு, சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதியாக இருந்த நாளில், மலேசிய கிராண்ட் பிரீ என்னும் பெயரில் அங்கு நடந்த முதன்மைப் பந்தயம் பெருமழையினால் இடையிலேயே கைவிடப்பட்டது.

நம் நாட்டு மழையை அறிந்தவர்க்கு இதில் வியப்பேதும் இராது. ஆயினும் ஒரு பந்தயத்தைக் ‘கைவிடுதல்’ என்பது எளிய செயலன்று. பரிசுத் தொகை ஒதுக்கியாயிற்று. மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்துவிட்டனர். கடல் கடந்து வண்டிகளைக் கப்பலேற்றி வந்தோரும் உள்ளனர். இத்தனைக்கும் நடுவே மழை பெய்தால், ‘போதும், நிறுத்துக’ என்று சொல்லும் உரிமை எவருக்கு உண்டு? ஏற்பாட்டாளருக்கா, வண்டிமேல் அமர்ந்திருப்பவருக்கா? மோட்டார் சைக்கிள் பந்தய வரலாற்றில் இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அவ்விடையைத் தேடிக் கொடுத்தவை பெரும்பாலும் நனைந்த பாதையில் நிகழ்ந்த வீழ்ச்சிகளே.

முதலில், மழையில் வண்டி ஏன் வீழ்கிறது என்பதைச் சிறிது விளக்குதல் நலம். மோட்டார் சைக்கிளின் சக்கரம் ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரு மனிதனின் உள்ளங்கை அளவே. முழு வேகத்தையும் நிறுத்தும் வலிமையும் வளைவில் சாயும் துணிவும் அவ்விரண்டு உள்ளங்கை இடத்தையே நம்பியிருக்கின்றன. சாலையின்மேல் நீர் படியும்போது டயரின் பள்ளங்கள் அந்நீரைப் பக்கங்களுக்குத் தள்ளிவிட வேண்டும். நீர் மிகுந்தாலோ வேகம் மிகுந்தாலோ தள்ளுவதற்கு நேரம் போதாது. டயர் சாலையை விட்டு நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கிவிடும். அந்த நொடியில் கைப்பிடியைத் திருப்பினாலும் பயனில்லை, பிரேக்கை அழுத்தினாலும் பயனில்லை. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி ஓட்டுநரின் அடியிலிருந்தே நழுவி ஓடிவிடும். பின்சக்கரம் வழுக்கி, மறுபடியும் திடீரெனச் சாலையைப் பற்றிக்கொண்டால், ஓட்டுநர் வண்டிக்கு மேலே தூக்கி எறியப்படுவார். இவற்றுள் இரண்டாவதே கொடியது. நெடுநாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல், சாலையில் படிந்துள்ள எண்ணெயையும் தூசியையும் மேலே கொணர்ந்து, கொட்டும் மழையினும் மிகுதியாக வழுக்கச் செய்யும் என்பதை நம் இளைஞரும் அறிதல் வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை வந்ததும் மோட்டார் சைக்கிளோட்டிகள் பாலங்களின் கீழே வரிசையாக ஒதுங்கி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களைச் சோம்பேறிகள் என எவரும் இகழ்வதில்லை. பந்தயத்தில் மட்டும் அவ்வாறு ஒதுங்குவது கோழைத்தனம் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவி வந்தது.

அந்த எண்ணத்தின் உச்சத்தைக் காண வேண்டுமாயின், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவுக்குச் செல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டு முதல் அத்தீவில் டூரிஸ்ட் டிராபி என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெற்று வருகிறது. அதன் மலைப்பாதை தனியாகக் கட்டப்பட்ட திடலன்று. மக்கள் நாளும் புழங்கும் சாலைகளே. ஒரு சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இருமருங்கிலும் கல்மதில்கள், வீடுகள், மரங்கள். ஊர்களைக் கடந்து ஸ்னேஃபெல் மலைமீது ஏறி இறங்கும். பாதை அத்துணை நீளமாதலால் ஓரிடத்தில் வெயில் காய, வேறோரிடத்தில் மழை பொழிய, மலைமேல் மூடுபனி படர்ந்திருத்தலும் உண்டு. 1949ஆம் ஆண்டு உலக வாகையர் போட்டி தொடங்கியபோது இப்பந்தயமும் அதன் ஓர் அங்கமாயிற்று. ஆகவே உலக வாகை வேண்டுவோர் அத்தீவுக்கு வந்தே ஆக வேண்டும். வராவிடில் புள்ளிகள் கைநழுவும். இதை நினைவில் நிறுத்திக்கொண்டால் பின்னர் வருவன எளிதில் விளங்கும்.

1965ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், சீனியர் எனப்படும் 500 சி.சி. பந்தயம் மழையில் நடந்தது. இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா நிறுவனத்தின் வண்டிகளை இருவர் ஓட்டினர். ஒருவர் இங்கிலாந்து நாட்டு மைக் ஹெயில்வுட். அவருக்கு அப்போது வயது 25; அதற்குள் அப்பிரிவில் மூன்று முறை உலக வாகை சூடியிருந்தார். மற்றவர் இத்தாலியரான ஜாக்கோமோ அகோஸ்தினி. 23 வயது நிரம்பி இரண்டே நாளாகியிருந்த அவர் அவ்வாண்டில்தான் முதன்முறையாக அத்தீவின் பாதையில் போட்டியிட்டார். கிளென் ஹெலன் என்னும் இடத்தைக் கடந்ததும் சாலை மேடேறும். அங்கே சாராஸ் காட்டேஜ் என்ற பெயருடைய வளைவு ஒன்று உண்டு. இரண்டாம் சுற்றில் அவ்வளைவில் அகோஸ்தினி சறுக்கி வீழ்ந்தார். அவரது பந்தயம் அத்துடன் முடிந்தது. அடுத்த சுற்றில் அதே வளைவில் ஹெயில்வுட்டும் வீழ்ந்தார்.

பின்னர் நடந்தது பந்தய உலகில் பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஹெயில்வுட் எழுந்தார். காற்றுத் தடுப்புக் கண்ணாடி உடைந்திருந்தது; கைப்பிடி வளைந்திருந்தது; புகைக் குழாய்கள் நசுங்கியிருந்தன; மூக்கில் குருதி வழிந்தது. அவர் வளைந்தவற்றைக் காலால் உதைத்து ஓரளவு நிமிர்த்தி, வண்டியைத் தள்ளி உயிர்ப்பித்து மீண்டும் புறப்பட்டார். வண்டி நிறுத்தத்தில் கைப்பிடியை மேலும் நேராக்கிக்கொண்டு, எஞ்சிய சுற்றுகளையும் ஓடி முடித்து வெற்றி பெற்றார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 91.69 மைல், ஏறத்தாழ 148 கிலோமீட்டர். முந்தைய ஆண்டு அவரே அதே பந்தயத்தை 100 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் வென்றிருந்தார் என்பதைக் கொண்டு அன்றைய மழையின் கடுமையை அளந்துகொள்ளலாம். இரண்டாவதாக வந்தவர் நார்ட்டன் வண்டியோட்டிய ஜோ டன்ஃபி.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்குச் சொல்லத்தக்க நிகழ்ச்சிதான் இது. வீழ்ந்தவன் எழுந்தான், எழுந்தவன் வென்றான் என்பதைவிடச் சுருக்கமான பாடம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் அதே வளைவில் சற்று நேரம் நிற்றல் வேண்டும். ஒரே அணியைச் சேர்ந்த, அக்காலத்தின் தலைசிறந்த ஓட்டுநர் இருவர், ஒரே இடத்தில், ஒரு சுற்று இடைவெளியில் வீழ்ந்திருக்கின்றனர். அப்படியாயின் பிழை ஓட்டுநரிடத்தில் இருந்ததா, சாலையில் இருந்ததா? அன்று அதை வினவியவர் மிகச் சிலரே. வென்றவரின் மூக்கில் வழிந்த குருதி அவ்வினாவை மறைத்துவிட்டது. வீழ்ந்து எழாதவர்களின் கதை எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை அன்றோ!

அவ்வாறு எழாதவர் ஒருவரால்தான் நிலைமை மாறிற்று. அவர் பெயர் ஜில்பெர்ட்டோ பார்லோட்டி, இத்தாலியர், அகோஸ்தினியின் நண்பர். 1972ஆம் ஆண்டு மொர்பிடெல்லி என்னும் சிறிய இத்தாலிய நிறுவனத்தின் 125 சி.சி. வண்டியில் உலக வாகையர் போட்டியின் முதல் இரண்டு பந்தயங்களையும் வென்று முன்னணியில் நின்றார். அவருக்குக் கடும் போட்டியாளராக விளங்கிய ஸ்பெயின் நாட்டு ஆங்கெல் நியெட்டோ மேன் தீவுக்கு வரவில்லை. எனவே அங்கே புள்ளிகள் பெற்றால் பார்லோட்டியின் நிலை மேலும் வலுப்பெறும். அத்தீவின் பாதையில் அவருக்கு முன் அனுபவம் இல்லை. ஜூன் 9ஆம் நாள் வெள்ளிக்கிழமை, மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்கப் பந்தயம் தொடங்கிற்று. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த அவர், இரண்டாம் சுற்றில் மலைமேலுள்ள வெராண்டா என்னும் தொடர் வளைவில் வீழ்ந்தார். காயங்களால் உயிர் நீத்தார். அவருக்கு வயது 31.

அன்றே நடந்த சீனியர் பந்தயத்தில் அகோஸ்தினி ஓடினார், வென்றார். அதற்குப் பின்னர், இனி இப்பாதையில் தாம் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அத்தீவில் பத்து வெற்றிகள் பெற்றவர் அவர். ஏழாண்டுகளுக்கு முன் சாராஸ் காட்டேஜ் வளைவில் மழையில் வீழ்ந்து எழுந்த இளைஞரும் அவரே. அவரைத் தொடர்ந்து ஃபில் ரீட், ராட்னி கூல்ட் முதலிய முன்னணியினரும் ஒதுங்கினர். பேரி ஷீன் அதற்கு முந்தைய ஆண்டே, 1971இல், ஈரமான பாதையில் குவார்ட்டர் பிரிட்ஜ் என்னும் வளைவில் வீழ்ந்தபின் அத்தீவுப் பக்கமே திரும்பவில்லை. பின்னாளில் அவர் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் 500 சி.சி. உலக வாகையை அத்தீவில் ஒரு சுற்றும் ஓடாமலேயே வென்றார்.

அவர்கள் மீது ஏச்சு விழாமலில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர் ஓடிய பாதையில் இவர்கள் மட்டும் ஓட மறுப்பதா என்று கேட்டோர் பலர். இங்கே ஒன்றைக் கூறுதல் முறை. அகோஸ்தினி மறுக்க முடிந்ததற்கு அவர் அகோஸ்தினியாக இருந்ததும் ஒரு காரணம். அத்துணை வாகைகளைச் சூடியவரை எந்த நிறுவனமும் எளிதில் வெளியேற்றாது. சொந்தப் பணத்தில் பழைய வண்டியொன்றை வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகத் திரிந்து, ஏற்பாட்டாளர் தரும் சிறு தொகையைக் கொண்டு அடுத்த பந்தயத்துக்குப் பெட்ரோல் நிரப்பியவர்களும் அக்காலத்தில் இருந்தனர். மழை பெய்கிறது, ஓட மாட்டேன் என்று அவர் சொன்னால் அந்தத் தொகை கிட்டாது. ஆகவே மறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருந்தது. புகழ்பெற்றவர் தம் வசதியைப் பயன்படுத்திப் பெற்ற பாதுகாப்பு, புகழற்றவருக்கும் பின்னர் கிடைத்தது என்பதே அம்மறுப்பின் மதிப்பு என நான் கருதுகிறேன்.

1976ஆம் ஆண்டோடு மேன் தீவுப் பந்தயம் உலக வாகையர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. 1977 முதல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் திடலில் நடைபெறலாயிற்று. தீவின் பந்தயம் அழிந்துவிடவில்லை. விரும்பி வருவோருக்குரியதாக இன்றும் நடைபெறுகிறது. வர வேண்டிய கட்டாயம் நீங்கிற்று, அவ்வளவே. இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒதுங்கியவர்களுள் ஒருவரான ஃபில் ரீட் 1977இல் தீவுக்குத் திரும்பினார். அவ்வாண்டு புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஃபார்முலா ஒன் பந்தயத்தில், மழையின் காரணமாகச் சுற்றுகள் குறைக்கப்பட்ட நாளில், அவரே வெற்றி பெற்றார்! அன்று மறுத்தவர் இன்று ஏன் வந்தார் என்று பார்வையாளர் சினந்தனர். மனித மனம் நேர்கோட்டில் செல்வதில்லை, வரலாறும் அவ்வாறே.

பின்வந்த ஆண்டுகளில் வண்டிகளும் ஆடைகளும் திடல்களும் மாறின. காய்ந்த பாதைக்குப் பள்ளங்களற்ற வழுவழுப்பான டயர்கள் வந்தன. மழைக்கென்றே மென்மையான ரப்பரில் ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய டயர்கள் வேறாக வந்தன. வைக்கோல் கட்டுகள் இருந்த இடத்தில் காற்றடைத்த தடுப்புகள் நின்றன. 2018ஆம் ஆண்டு முதல், வீழும் நொடியில் தானே காற்று நிரம்பி விரியும் பையை உள்ளே கொண்ட தோலாடை கிராண்ட் பிரீ ஓட்டுநர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இவையெல்லாம் வீழ்ச்சியின் கொடுமையைக் குறைத்தன.

விதிகளிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. முன்னர், காய்ந்த பாதையில் தொடங்கிய பந்தயத்தில் மழை பெய்தால் அதை நிறுத்திவிட்டுப் பின்னர் இரண்டாம் பகுதியாக நடத்துவர். 2005ஆம் ஆண்டு முதல் முதன்மைப் பிரிவில் இது மாறிற்று. மழை தொடங்கியதும் வெள்ளைக் கொடி காட்டப்படும். ஓட்டுநர் தாம் விரும்பும் சுற்றில் நிறுத்தத்துக்குள் வந்து, மழை டயர் பூட்டிய தமது இரண்டாவது வண்டிக்குத் தாவி ஏறிக்கொண்டு பந்தயத்தைத் தொடரலாம். 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்ட் திடலில் இவ்விதியின்படி முதன்முறையாக வண்டி மாற்றி ஓடினர். இத்தாலியரான மார்கோ மெலாந்திரி வென்றார். தொலைக்காட்சிக்குக் குறித்த நேரத்தில் பந்தயம் முடிய வேண்டும் என்பதும் இவ்விதிக்கு ஒரு காரணம். அது எனக்கு அத்துணை உவப்பானதன்று. எனினும் எப்போது மாறுவது என்னும் முடிவு ஓட்டுநரின் கைக்கு வந்தது என்ற அளவில் அதையும் ஒரு படியாகக் கொள்ளலாம்.

நம் நாட்டின் சிப்பாங் திடல் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அகன்ற பாதை, பரந்த மணற்பரப்பு என எல்லாம் அமைந்திருந்தும் மாலை மழையை எவரால் தடுக்க முடியும்? 2012ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்மைப் பந்தயம் மழையிலேயே தொடங்கிற்று. மழை மேலும் வலுக்கவே சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினர். முன்னணியில் இருந்த ஸ்பெயின் நாட்டு தானி பெட்ரோசா வென்றவராக அறிவிக்கப்பட்டார். அதே நாளில் மோட்டோ 2 பிரிவில் சிறப்பு அழைப்பின்பேரில் ஓடிய பதினெட்டு வயது மலேசிய இளைஞர் ஹஃபிஸ் ஷாரின், உலகின் தேர்ந்த ஓட்டுநர்களுக்கு நடுவே மழையில் முன்னிலை வகித்து நான்காவதாக முடித்தார். நம் மழையை அறிந்தவர் நம்மவரே என்று அன்று மகிழாதார் யார்? 2018இல் அவர் முதன்மைப் பிரிவில் இடம்பெற்ற முதல் மலேசியர் ஆனார். அண்டை நாடான இந்தோனேசியாவின் மண்டலிகா திடலில் 2022ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பெருமழை பெய்து பந்தயம் தாமதமானபோது, மழையை விலக்கும் மந்திரம் அறிந்தவர் எனப்பட்ட பெண்மணி ஒருவர் திடலில் இறங்கிச் சடங்கு செய்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. மழை பின்னர் குறைந்தது. சுற்றுகளைக் குறைத்துப் பந்தயத்தை நடத்தினர். மந்திரத்தால் நின்றதா, தானே ஓய்ந்ததா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம்.

மீண்டும் மேன் தீவுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு சீனியர் பந்தயம் ஜூன் 8ஆம் நாள் வெள்ளிக்கிழமை நடைபெறுவதாக இருந்தது. மழையினால் மறுநாளுக்கு ஒத்திவைத்தனர். மறுநாளும் பாதை காயவில்லை. பந்தயம் கைவிடப்பட்டது. வானிலையின் பொருட்டுச் சீனியர் பந்தயமே நடவாமற்போனது அத்தீவின் வரலாற்றில் அதுவே முதன்முறை. அந்த நாள் ஜூன் 9. பார்லோட்டி வெராண்டா வளைவில் வீழ்ந்து சரியாக நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆறாண்டுகள் கழித்து, தீவுக்கு மாற்றாக ஏற்கப்பட்ட அந்தச் சில்வர்ஸ்டோன் திடலிலேயே இக்கேள்வி முழு உருவில் எழுந்தது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்திடலின் பாதைக்குப் புதிதாகத் தார் இட்டிருந்தனர். ஆகஸ்டு மாத பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயின்போது, சனிக்கிழமைப் பயிற்சியில் மழை பெய்தது. நீர் வடிந்தோட வேண்டிய பாதையில் அங்கங்கே குளம்போல் தேங்கிற்று. ஸ்டோ என்னும் வளைவை நோக்கி முழு வேகத்தில் வந்த ஸ்பெயின் நாட்டு அலெக்ஸ் ரின்ஸ், பிரேக்கை அழுத்தியும் வண்டி நிற்காமல் நீரில் மிதப்பதை உணர்ந்து, ஓடும் வண்டியிலிருந்து தாமே குதித்தார். குதித்தவர் உடனே பின்னால் வருவோருக்குக் கைகாட்டி எச்சரிக்கலானார். அதே இடத்தில் வேறு சிலரும் வீழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் டிட்டோ ரபாட். வீழ்ந்தபோது அவருக்குப் பெரிய காயமில்லை. எழுந்து மணற்பரப்பில் நின்றார். ஆனால் அடுத்துச் சறுக்கி வந்த மற்றொருவரின் வண்டி அவரை மோதிற்று. வலக்காலின் தொடையெலும்பும் முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன.

மறுநாள், ஆகஸ்டு 26, ஞாயிற்றுக்கிழமை. மழை வரும் என்று அறிந்து பந்தய நேரத்தை முற்பகலுக்கு மாற்றியிருந்தனர். மழை அதற்கும் முந்திக்கொண்டது. வண்டிகள் பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரிசையில் வந்து நின்றன; தொடக்கம் தள்ளிவைக்கப்பட்டது. பல்லாயிரம் மக்கள் குடைகளின் கீழும் மழையங்கிகளிலும் மணிக்கணக்கில் காத்திருந்தனர். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில், கூடாரங்களில் பெற்றோர் நிறைந்திருக்க, வெற்றிக் கிண்ணங்கள் மேசைமீது அடுக்கப்பட்டிருக்க, திடலில் நீர் தேங்குவதைப் பார்த்தபடி நிற்கும் தலைமையாசிரியர் எவரும் அந்த ஏற்பாட்டாளர்களின் மனநிலையை அறிவார். நடத்தினால் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பர். நிறுத்தினால் வந்திருக்கும் பெற்றோர் கேட்பர். இருவரும் ஒருவரே என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

அங்கே முடிவு எட்டப்பட்ட முறையே நாம் கருதத்தக்கது. ஓட்டுநர்கள் ஒன்றுகூடிப் பேசினர். ஆஸ்திரேலிய இளைஞர் ஜாக் மில்லர் ஓடலாம் என்றார். பெரும்பான்மையோர் இயலாது என்றனர். வாகை சூடியவரும் கடைநிலையில் ஓடுபவரும் ஒரே அறையில் அமர்ந்து கருத்துரைத்தனர். உலகச் சம்மேளனத்தின் பாதுகாப்பு அதிகாரியாக அப்போது இருந்தவர் இத்தாலியரான பிராங்கோ உன்சினி. 1982இல் 500 சி.சி. உலக வாகை சூடியவர். 1983இல் நெதர்லாந்தின் அசென் திடலில் வீழ்ந்து, எழுந்து ஒதுங்க முயன்றபோது பின்னால் வந்த வண்டி மோதி, தலைக்கவசம் கழன்று உயிருக்குப் போராடிப் பிழைத்தவர். வீழ்ந்து எழுந்தவரைப் பின்வரும் வண்டி மோதுதல் எத்தகையது என்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாலை நான்கு மணியளவில் மூன்று பிரிவுகளின் பந்தயங்களும் கைவிடப்படுவதாக அறிவித்தனர். 1980ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்ரிங் திடலில் பனி கொட்டியதால் கைவிடப்பட்டதற்குப் பிறகு, கிராண்ட் பிரீ ஒன்று வானிலையால் முற்றாக நடவாமற்போனது அதுவே முதன்முறை.

மக்கள் மனம் வருந்தினர், சிலர் சினந்தனர், நுழைவுச்சீட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஆயினும் 1972இல் அகோஸ்தினியின் மீது விழுந்த ஏச்சு இம்முறை ஓட்டுநர்மீது பெரிதும் விழவில்லை. அது தார்மீது விழுந்தது. மழையில் ஓடத் துணிந்தவரா இவர் என்று கேட்பதை விடுத்து, நீர் ஏன் வடியவில்லை என்று கேட்கலாயினர். சாராஸ் காட்டேஜ் வளைவில் இருவர் வீழ்ந்த நாளில் கேட்கப்பட வேண்டிய அக்கேள்வி, 53 ஆண்டுகள் கழித்தாவது கேட்கப்பட்டது.

சில்வர்ஸ்டோன் பாதையின் தார் முழுவதையும் பெயர்த்துவிட்டு, 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதிதாக இட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ காய்ந்த பாதையில் நடந்தது. கடைசி வளைவு வரை இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டருகே மார்க் மார்க்கெஸை முந்தி 0.013 நொடி வேறுபாட்டில் வென்றார். அவர், முந்தைய ஆண்டு ஸ்டோ வளைவில் வண்டியிலிருந்து குதித்துப் பின்வருவோரை எச்சரித்து நின்ற அலெக்ஸ் ரின்ஸ்.